வேலிச் சங்குப்பூவும் விதை வைக்காத மல்லியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர், விராலிமலை வட்டாரத்து முள்வேலிகளில் ஏறிப் படரும் சங்குப்பூவை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஒரு மழை பெய்தால் தானாகத் தழைக்கும், பூக்கும், காய்த்து வெடிக்கும். வெயிலில் கொடி கருகிப்போனாலும் அடுத்த மழைக்கு விதையிலிருந்து திரும்பி வந்துவிடும். பூஜைக்குக் கொஞ்சம் பறிப்பார்கள். மிச்சத்தை ஆடு மேயும். இந்தச் செடியின் மரபணு ஒன்றை ஜப்பானில் எடுத்துச் செவ்வந்திக்குள் வைத்தார்கள். செவ்வந்தி நீலமாகப் பூத்தது. அதற்கு முன் உலகத்தில் எந்தச் செவ்வந்தியும் அசல் நீலத்தில் பூத்ததில்லை.

செய்தவர்கள் ஜப்பானின் தேசிய வேளாண் உணவு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த நவோனொபு நோடாவும் அவருடைய குழுவினரும். 2017 ஜூலையில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே ஒரு பெயர் உண்டு. செவ்வந்தி நமக்கு அவ்வளவு பழக்கமான பூ. மஞ்சள், வெள்ளை, செம்பழுப்பு, ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்று எத்தனையோ நிறங்களில் அதைப் பார்த்திருக்கிறோம். நீலம் மட்டும் இல்லை. ஒட்டுச் சேர்த்தும் கதிர்வீச்சுக் கொடுத்தும் எத்தனை தலைமுறை முயன்றாலும் அது வராது. செவ்வந்தியின் செல்லுக்குள் நீலத்துக்கான சரக்கே இல்லை என்பதுதான் காரணம்.

அந்தச் சரக்கின் பெயர் டெல்ஃபினிடின். பூக்களின் சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம்தான் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு வளையம் இருக்கிறது. அதில் ஹைட்ராக்சில் தொகுதிகள் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும். மூன்று ஒட்டினால் அது டெல்ஃபினிடின். மூன்றாவதை ஒட்டவைக்கும் நொதி ரோஜாவிலும் கார்னேஷனிலும் செவ்வந்தியிலும் கிடையாது. சன்டோரி என்ற ஜப்பானிய நிறுவனம் அந்த நொதிக்கான மரபணுவைப் பேன்சிப் பூவிலிருந்து எடுத்து ரோஜாவில் வைத்து 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீல ரோஜா என்றுதான் விளம்பரம். பார்த்தால் அது வெளிறிய ஊதா. டெல்ஃபினிடின் உருவானால் மட்டும் போதாது என்பதை அந்த ரோஜா காட்டிவிட்டது. செல்லுக்குள் இருக்கும் அமிலத்தன்மை, பக்கத்தில் நிற்கும் மற்ற நிறமிகள், மூலக்கூறின் எந்தப் பக்கத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பது – இத்தனையும் சேர்ந்துதான் நீலத்தைத் தீர்மானிக்கின்றன.

சங்குப்பூ உள்ளே வருவது இங்கேதான். அதில் ஒரு நொதி இருக்கிறது; டெல்ஃபினிடின் வளையத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குளுக்கோஸை ஒட்டிவிடுவது அதன் வேலை. நோடா குழுவினர் முதலில் மணிப்பூ வகையான கம்பானுலாவிலிருந்து டெல்ஃபினிடினுக்கான மரபணுவைச் செவ்வந்தியில் வைத்தார்கள், பூ ஊதாவானது. பிறகு சங்குப்பூ மரபணுவையும் சேர்த்தார்கள். செவ்வந்தி இதழில் ஏற்கெனவே நிறமில்லாத ஃபிளேவோன்கள் இருந்தன. இரு பக்கமும் சர்க்கரை ஏறிய டெல்ஃபினிடின் அவற்றோடு நெருங்கி அடுக்கிக்கொண்டதும் ஒளியை உறிஞ்சும் விதமே மாறிப்போய், பூ நீலமாகிவிட்டது. இரண்டே மரபணுக்கள், மீதி வேலையைச் செவ்வந்தியே செய்துகொண்டது.

இதில் பாதியை வீட்டிலேயே பார்க்கலாம். நாலைந்து சங்குப்பூவைக் காம்பு நீக்கி வெந்நீரில் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் இதழ் வெளிறி, தண்ணீர் கருநீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் விழுந்த இடத்திலிருந்து ஊதா பரவி, கலக்கினால் முழுதும் இளஞ்சிவப்புக்குப் போய்விடும். இன்னொரு தம்ளரில் சுண்ணாம்புத் தெளிநீரை விட்டால் நிறம் பச்சைப் பக்கம் திரும்பும். நிறமி ஒன்றுதான், சுற்றியிருக்கும் அமிலம் மாறினால் அதன் வடிவம் மாறுகிறது, கண்ணுக்குத் தெரியும் நிறமும் மாறுகிறது. சன்டோரியின் ரோஜாவுக்கு நேர்ந்ததும் இதுதான்: டெல்ஃபினிடின் கிடைத்தது, ஆனால் ரோஜா இதழின் செல்லுக்குள் இருக்கும் அமிலம் அதை நீலமாக விடவில்லை.

அழகுச் செடிகளைப் பற்றிய மரபணு ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் படித்தவர்களிடையே கூட இருக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் செலவு செய்யலாம், பூவுக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பூதான் மரபியலுக்கே பாடம் நடத்தியிருக்கிறது. 1990-இல் அமெரிக்காவில் கேரலின் நப்போலியும் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் பெட்டூனியாவின் ஊதாவை அடர்த்தியாக்க நினைத்து, நிறமிக்கான மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றைச் செடிக்குள் வைத்தார்கள். நிறம் கூடவில்லை. பூக்கள் சில வெள்ளையாகவும் சில வெள்ளையும் ஊதாவும் கலந்த வரிகளோடும் வந்தன. புதிதாக வைத்த பிரதி தானும் அடங்கி, செடியின் சொந்தப் பிரதியையும் அடக்கிவிட்டது. ஏன் என்ற கேள்விக்கு 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சிறு புழுவை வைத்து விடை கண்டார்கள்: இரட்டை இழை ஆர்என்ஏ உருவானால், அதே எழுத்து வரிசை கொண்ட செய்தி ஆர்என்ஏவைச் செல் தேடி அழித்துவிடும். 2006-இல் அதற்கு நோபல் பரிசு. இன்று மனிதர்களுக்கான மருந்துகள் கூட அந்த வழியில் வந்துவிட்டன. நிறம் கெட்டுப்போன பெட்டூனியாவைத் தூக்கி எறியாமல் உற்றுப் பார்த்தவர்களுக்கு இதில் பங்கு உண்டு.

அந்தக் கண்டுபிடிப்பு திரும்பவும் பூவுக்கே கருவியாகியிருக்கிறது. வலுவற்ற வைரஸ் ஒன்றில் செடியின் மரபணுத் துண்டைச் சேர்த்து இலையில் ஏற்றினால், செடி வைரஸை அழிக்கும் முயற்சியில் தன்னுடைய அந்த மரபணுவையும் அடக்கிக்கொள்ளும். எந்த மரபணு எதற்கு என்று தெரியாத செடியில், ஒன்றை அடக்கிப் பார்த்தால் எது குறைகிறதோ அதுவே விடை. நிறமோ மணமோ போனால் சில வாரங்களில் தெரிந்துவிடும். கிரிஸ்பர் அதைவிடத் துல்லியமானது. 2012-இல் ஷார்பென்டியரும் டௌட்னாவும் விளக்கிய இந்த வெட்டும் கருவிக்கு 2020-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஊதாநிற மார்னிங் குளோரிக் கொடியில் நிறமி மரபணு ஒன்றை அதைக்கொண்டு வெட்டினார்கள். பூ வெள்ளையாக வந்தது. அந்த மரபணுவின் வேலை அதுதான் என்பதில் அதற்குமேல் சந்தேகம் இல்லை.

நிறத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது அடுக்கு. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குமல்லி என்று நாம் விரும்பி வளர்ப்பதெல்லாம் செடியின் கணக்கில் பிசகிய பூக்கள். ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ். நடுவே நீண்ட தண்டு, அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள். அடுக்குச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து வெளியிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டே போய்ப் பாருங்கள். வெளி இதழ்கள் முழுசாக இருக்கும். உள்ளே போகப் போகச் சிறுத்து, முறுக்கிக்கொண்டிருக்கும். நடுவை நெருங்கும்போது பாதி இதழும் பாதி மகரந்தத்தாளுமான ஒன்று கையில் வரும். சிவப்பு இதழின் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப் பை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அது இதழாவதா தாளாவதா என்று முடிவு செய்யாமலே மலர்ந்துவிட்டது.

1991-இல் என்ரிகோ கோயனும் எலியட் மெயரோவிட்ஸும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பூ என்பது நாலு வட்டம்: புல்லி, இதழ், மகரந்தத்தாள், சூலகம். இவற்றை முடிவு செய்ய மூன்று வகை மரபணுக்கள் போதும்; ஏ, பி, சி என்று பெயரிட்டார்கள். ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் இதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். ஏயும் சியும் ஒன்றையொன்று தன் எல்லைக்குள் விடாது. சி முடங்கினால் ஏ உள்ளே நுழைந்துவிடும். மகரந்தத்தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வரும், சூலகம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு பூ தொடங்கும். அதன் நடுவிலும் அதேபோல் இன்னொன்று. செடிக்கு இது நட்டம். மகரந்தம் இல்லை, விதை இல்லை. மனிதன் கண்ணில் பட்டதால்தான் இப்படிப்பட்ட செடி பிழைத்தது. அவன் கிளையை ஒடித்து நட்டுக்கொண்டே வந்தான்.

இதே மரபணுக்களின் இன்னொரு முகத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயிகள் எள்ளு வயலில் பார்த்திருப்பார்கள். பூக்கவேண்டிய நுனியில் பூ வராது. பச்சை பச்சையாகச் சிற்றிலைகள் கொத்தாக முளைத்து நிற்கும். தத்துப்பூச்சி கொண்டுவரும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம். முல்லையிலும் இந்த நோய் உண்டு. மொட்டெல்லாம் இலையாகிவிட்டால் பறிக்க எதுவும் இருக்காது. இந்த நுண்ணுயிர்கள் சில, செடியின் செல்லுக்குள் ஒரு புரதத்தை விடுகின்றன, அது பூவை முடிவு செய்யும் மரபணுக்களின் புரதங்களைப் பிடித்து அழிப்புக்கு அனுப்பிவிடுகிறது என்பதை இங்கிலாந்தில் சாஸ்கியா ஹோகன்ஹவுட் குழுவினர் காட்டினார்கள். பூவாக மாறும் கட்டளை போய்விட்டால் செடிக்குத் தெரிந்த ஒரே வேலை இலை விடுவது. அடுக்குச் செம்பருத்தியும் நோய் கண்ட எள்ளுச்செடியும் வெளித்தோற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஆனால் இரண்டிலும் குலைந்திருப்பது ஒரே கட்டளை வரிசை.

இனி மல்லி. இதுவரை சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே கீரமங்கலம், வடகாடு பக்கம் மல்லி, முல்லை, பிச்சி, காக்கட்டான், கனகாம்பரம், சம்பங்கி என்று தோட்டம் தோட்டமாகப் போட்டிருக்கிறார்கள். கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குத் தனிப் பெயரே உண்டு. மேற்கே ஆவூர், விராலிமலை பக்கத்தவர்களுக்குத் திருச்சி அருகில். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட் எட்டும் தூரம். மல்லி விவசாயம் என்றால் விடியுமுன்னே வேலை. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டிலேயே செடிக்குள் இறங்கி, அன்று மாலை மலரப்போகும் மொட்டை மட்டும் பார்த்துக் கிள்ளவேண்டும். நாளைக்குரிய மொட்டு பச்சை ஓடிச் சின்னதாக இருக்கும். இன்றைக்குரியது பருத்து வெளுத்திருக்கும். நேரம் தவறி மலர்ந்துவிட்டால் விலை இல்லை.

இந்தக் குண்டுமல்லி விதை வைப்பதில்லை. தமிழ்நாட்டில் நடப்பட்டிருக்கும் குண்டுமல்லியில் மிகப் பெரும்பகுதி வேர்விட்ட குச்சியிலிருந்தும் பதியனிலிருந்தும் வந்தது. ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடம் பகுதியில் நாற்றுத் தயாரிப்பே ஒரு தொழில். மல்லியின் குரோமோசோம்கள் 13 ஜோடி, மொத்தம் 26. சில வகைகளில் இன்னொரு தொகுதி கூடி 39 ஆகிவிடுகிறது. மூன்று தொகுதி இருந்தால் மகரந்தமும் சூலும் உருவாகும்போது சமமாகப் பிரிக்க முடியாது, மலட்டுத்தன்மை வரும். கனகாம்பரத்தில் டெல்லி கனகாம்பரம் என்று விற்பதும் அப்படியொரு மூன்று தொகுதிச் செடிதான். அதையும் குச்சி வெட்டித்தான் பெருக்குகிறார்கள்.

நெல்லிலோ கத்தரியிலோ புது ரகம் வேண்டுமென்றால் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து, பிறக்கும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். விதை வைக்காத செடிக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு தோட்டத்துச் செடிக்கு மொட்டுப்புழு தாங்கவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துக்கும் தாங்காது. எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்காகத்தான் கதிர்வீச்சைக் கையில் எடுத்தது. முல்லையில் கோ 2, பிச்சியில் கோ 2 ஆகிய ரகங்கள் தூண்டப்பட்ட சடுதி மாற்றத்தில் கிடைத்தவை. கோ 2 முல்லை அந்த இலையாகும் நோயையும் வயலில் ஓரளவு தாங்கும். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் கதிர்வீச்சு என்பது இருட்டில் கல்லெறிவது மாதிரி. எந்த மரபணுவில் பட்டது, எதில் படவில்லை என்று எறிந்தவருக்கே தெரியாது. செடி வளர்ந்து பூத்தால்தான் பார்க்கமுடியும். மல்லியில் அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

அதனால் சொல்கிறேன், மரபணுவைப் படிக்கும் கருவிகள் வேறெந்தப் பயிரையும்விட மல்லிக்கு அவசியம். நெல்லுக்கு அவை ஒரு வசதி. மல்லிக்கு அவையே வழி.

மல்லியின் முழு மரபணுத்தொகுதியை வாசித்து 2022-ஐ ஒட்டி வெளியிட்டவர்கள் சீனர்கள். சுமார் 50 கோடி எழுத்துகள், 13 குரோமோசோம்களாக அடுக்கப்பட்டன. அவர்களுக்கு ஏன் இந்த அக்கறை என்றால், தேநீர். ஃபூஜியன் மாநிலத்து ஃபூஜோ நகரில் மல்லி மொட்டுகளைப் பகலில் பறித்து, மாலையில் மலரத் தொடங்கும்போது தேயிலையோடு கலந்து இரவெல்லாம் வைப்பார்கள். மணம் இலைக்குள் இறங்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-இல் அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. மொட்டாகப் பறித்து இரவில் மணக்கவிடும் இந்தப் பழக்கம் நம்முடையதேதான்; நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம், அவர்கள் தேயிலையில் வைக்கிறார்கள். செடியை விட்டுப் பறித்த பிறகும் மொட்டு எப்படி மணக்கிறது என்பது இருவருக்கும் பொதுவான கேள்வி.

மல்லி மணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு மெல்ல விடுவதில்லை. மலரும் நேரத்தில்தான் பெருமளவில் தயாரிக்கிறது. பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல், ஃபார்னசீன் என்று பல பொருள்கள் கலந்தது அந்த மணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நொதிகள். பகல் மொட்டிலும் மாலை மொட்டிலும் இரவுப் பூவிலும் செய்தி ஆர்என்ஏவை எடுத்து ஒப்பிட்டால், எந்த மரபணு எப்போது விழித்துக்கொள்கிறது என்று பட்டியலே கிடைத்துவிடும். செடியிலிருந்து பிரிந்தாலும் மொட்டின் செல்கள் அன்றிரவு வரை உயிரோடு வேலை செய்கின்றன. சரத்தில் கோத்த பூ அந்தி சாய்ந்ததும் குப்பென்று மணப்பது அதனால்தான்.

மணப்பொருள்களில் மெத்தில் ஜாஸ்மொனேட் தனிக்கதை. 1962-இல் பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது அது வாசனைத் தொழிலுக்கான சரக்கு, அவ்வளவுதான். 1990-இல் எட்வர்ட் ஃபார்மரும் கிளாரன்ஸ் ரயனும், இதன் ஆவி பட்டால் தக்காளிச்செடி தன் இலையில் பூச்சிக்கு எதிரான புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது என்று காட்டினார்கள். ஏறக்குறைய எல்லாப் பூக்கும் செடிகளிலும் கடிபட்டால் அபாயத்தை அறிவிக்கும் ஹார்மோன் குடும்பம் அது என்பது அப்புறம் தெரிந்தது.

மல்லி விவசாயியிடம் போய், மரபணு ஆராய்ச்சியிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மணத்தைச் சொல்லமாட்டார், மணத்துக்குக் குறைவில்லை. பனிக்காலத்தில் பூ வேண்டும் என்பார். கார்த்திகை கடைசி தொடங்கி மாசி வரை மொட்டு சுருங்கிவிடும். பொங்கலையொட்டி மதுரையில் மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய வருடங்கள் உண்டு. கோடையில் அதே பூ இருநூறு ரூபாய்க்குக் கேட்பாரில்லாமல் கிடக்கும். விலை இருக்கும்போது பூ இல்லை, பூ இருக்கும்போது விலை இல்லை என்ற இந்தக் கணக்கில்தான் குடும்பங்கள் கடனாளியாகின்றன. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்தது பெருமைதான். அது பனிக்காலத்து மொட்டைக் கூட்டவில்லை.

இதற்கு ரோஜாவில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். சீனத்து ரோஜா திரும்பத் திரும்பப் பூக்கும். நம் வீட்டு வாசலில் பூப்பவையெல்லாம் அதன் ரத்தம் கலந்தவை. ஏன் என்று 2012-இல் தெரிந்தது. ரோஜாவில் பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணு உண்டு. கேஎஸ்என் என்று அதற்குப் பெயர். வசந்தம் முடிந்ததும் அது எழுந்து, இனி இலைதான் என்று சொல்லிவிடும். சீனத்து ரோஜாவில், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏத் துண்டு ஒன்று அந்த மரபணுவின் நடுவே புகுந்து உட்கார்ந்துவிட்டது. தடுக்க ஆளில்லை, ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மொட்டு வந்துகொண்டே இருக்கிறது. பல நூற்றாண்டாகத் தோட்டக்காரர்கள் பேணிவந்த குணம் அந்த ஒரு இடைச்செருகல்தான்.

மல்லியிலும் இதற்கு இணையான மரபணுக்கள் இருக்கின்றன. பூக்கும் செடிகள் எல்லாவற்றிலும் உள்ள குடும்பம் அது. மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு விடும். அதனால்தான் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டிவிடுகிறோம். வெட்டிய பிறகு குளிரில் வரும் துளிர் ஏன் இலையோடு நின்றுவிடுகிறது? தடுக்கும் மரபணு உரக்கப் பேசுகிறதா, பூக்கச் சொல்லும் மரபணு ஊமையாகிவிடுகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற செடியும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 நட்சத்திர மல்லிகை என்று ஒரு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. வேறு இனத்து மல்லிகை அது. குண்டுமல்லி ஓய்ந்துபோகும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பூக்கும். ஒரே ஊர், ஒரே பனி. ஒன்று நிற்கிறது, ஒன்று பூக்கிறது. இதைவிட நல்ல பரிசோதனையை எந்த ஆய்வகத்திலும் அமைக்க முடியாது.

விடை கிடைத்தாலும் உடனே புதுச்செடி வந்துவிடாது. கிரிஸ்பரால் ஒரு செல்லில் மாற்றம் செய்துவிடலாம். அந்த ஒரு செல்லிலிருந்து முழுச் செடியைத் திசு வளர்ப்பில் எழுப்பவேண்டும். பெட்டூனியா எளிதாக எழுந்துவரும், மல்லி போன்ற புதர்ச் செடி அப்படி இசைவதில்லை. பல பூச்செடிகளில் ஆராய்ச்சி நின்றுபோகும் இடம் இதுதான், பணமும் ஆளும் அதிகம் போகவேண்டிய இடமும் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் விடையைப் பயன்படுத்த வெட்டியாக வேண்டும் என்றில்லை. எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால், கதிர்வீச்சுக் கொடுத்த ஆயிரம் நாற்றுகளின் இலையில் ஒரு துளி எடுத்து அந்த ஒரு மரபணுவை மட்டும் வாசித்துப் பார்க்கலாம். மாறியிருக்கும் நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். பூக்கும்வரை காத்திருக்கவேண்டாம். பழைய கல்லெறிதலேதான், இப்போது விளக்கோடு.

சட்டமும் முன்பைவிடத் தெளிவாகியிருக்கிறது. அயல் மரபணு இல்லாமல் செடியின் சொந்த எழுத்தில் மட்டும் திருத்தம் செய்யப்பட்ட பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான விதிகள் சிலவற்றிலிருந்து 2022 மார்ச்சில் இந்திய அரசு விலக்கு அளித்தது. 2025 மே மாதத்தில் அந்த வழியில் உருவான முதல் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. நெல்லை ஒட்டி எழும் சந்தேகங்கள் நியாயமானவை. நாம் சாப்பிடும் பொருள் அது, விதை பரவும். ஜப்பானிலும் நீலச் செவ்வந்தியின் மகரந்தம் காட்டுச் செவ்வந்திகளோடு கலந்துவிடுமோ என்ற கவலை இருக்கிறது, அந்தக் கவலை சரியானது. விதையே வைக்காத குண்டுமல்லியில் அது மிகக் குறைவு. எனக்குள்ள கவலை வேறு: செடி யாருடையதாக இருக்கும் என்பது. மல்லிக்குச்சியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஒடித்துக் கொடுத்துத்தான் இந்தப் பயிர் இவ்வளவு தூரம் பரவியது. பனிக்காலத்தில் பூக்கும் மல்லி ஒன்று வந்து, அதன் குச்சியை ஒடிக்க ஒருவர் உரிமம் கேட்பார் என்றால் கீரமங்கலத்து ஒரு ஏக்கர் விவசாயிக்கு அதனால் பயனில்லை. பல்கலைக்கழகமோ அரசு ஆராய்ச்சி நிலையமோ இதை எடுத்துச் செய்யவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

ஆள் இல்லை, கருவி இல்லை என்று சொல்ல இடமில்லை. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், மணிப்பூரில் கிடைத்த 108 இதழ்த் தாமரையை 2023-இல் ‘நமோ 108’ என்ற பெயரில் வெளியிட்டபோது அதன் மரபணுத்தொகுதியையும் முழுதாக வாசித்து முடித்திருந்தது. புதுக்கோட்டைக்குள்ளேயே குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. வாசிக்கும் இயந்திரம் கல்லூரியில் இருக்கவேண்டிய அவசியமில்லை. மாதிரியைப் பக்குவமாக எடுத்து உறையவைத்து அனுப்பத் தெரிந்தால் போதும்.

வேலை கவாத்து முடிந்த வாரத்திலிருந்து தொடங்கும். குண்டுமல்லி ஒரு வரிசை, நட்சத்திர மல்லிகை ஒரு வரிசை, பக்கத்தில் பக்கத்தில். பத்து நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில், இரண்டிலும் துளிரின் நுனியைக் கிள்ளி எடுக்கவேண்டும். அன்றைய இரவு வெப்பத்தையும் பனியையும் குறித்துக்கொள்ளவேண்டும். தை, மாசி, பங்குனி வரை விடாமல் எடுத்தால், குண்டுமல்லியின் நுனி இலையிலிருந்து மொட்டுக்குத் திரும்பும் வாரம் ஒன்று வரும். அந்த வாரத்துக்கு முந்தைய மாதிரியையும் பிந்தைய மாதிரியையும் அருகருகே வைத்து, நட்சத்திர மல்லிகையில் அதே நாட்களில் என்ன நடந்தது என்று பார்த்தால், எந்த மரபணு அடங்கியது, எது எழுந்தது என்பது எழுத்திலேயே தெரியும்.